அக்கா பார்த்துச் சொன்ன பாறைகள்

அக்கா யாரை முதன்முதலாகப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று எல்லாரும் என் நிறத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டிருக்க, அவர் மட்டும் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், "மேல் வரிசையில இடது பக்கம் ரெண்டாவது பல்லு எந்த லேப்ல பண்ணது? நல்ல வேலை" என்றார். கல்லூரிப் படிக்கட்டில் விழுந்து உடைந்த பல் அது. என் கணவருக்கே அதுவரை தெரியாது.

அவர் எனக்கு ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் கணவரை அத்தான் என்பேன். அவர்கள் கீழே, நாங்கள் மேலே. ஒரே மொட்டை மாடி, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாசல் கதவு. இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

அக்காவுக்குப் பல் செட் செய்யும் வேலை. துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரு நீள அறை. மூன்று மேஜைகள், உருக்கிய மெழுகின் வாசனை, எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர் தூள். சுவர் முழுக்க அலமாரி; அதில் நம்பர் சீட்டு ஒட்டிய தாடைகள் வரிசையாக வாய் திறந்து உட்கார்ந்திருக்கும். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, பேனா போல இருக்கும் சின்ன டிரில்லால் ஒவ்வொரு பல்லாக இழைப்பார். அந்த டிரில்லின் முனையில் மாட்டும் குண்டூசித் தலை அளவு உருண்டைக்கு அங்கே 'பர்' என்று பெயர். பத்துப் பதினைந்து அளவுகளில் இருக்கும்.

அவர் செய்த பல் பளிச்சென்று இருக்காது. அறுபது வயதுக்காரர் பல் என்றால் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடுவார். வெற்றிலை போட்டவர், பீடி குடித்தவர் என்றால் அடியில் லேசாக மஞ்சள் தீற்றுவார். "இருபது வயசுப் பல்லை அறுபது வயசு வாயில வெச்சா, அவர் சிரிக்கும்போது பல்லுதான் முதல்ல சிரிக்கும்" என்பார். பொய்யை நிஜமாகக் காட்டுவதே அவர் தொழில். அதனாலேயே அடுத்தவர் பொய் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் கிணறு போன்ற சந்துக்குள் தொங்கிக்கொண்டு இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவுவார். ஏழாவது நாள் புதையல் தேடுவார்.

அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், பழைய பேப்பர் கடையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு அவர் கையில் கிடைத்தது. யார் எழுதியது என்று தெரியாது. முதல் பக்கமே இல்லை. பாறையில் ஆமை செதுக்கியிருந்தால் அதன் தலை எந்தத் திசையோ அந்தத் திசையில் புதையல், பாம்பு நெளிந்தால் தண்ணீருக்கு அருகில், அம்பு என்றால் இருபது அடி, இரண்டு அம்பு என்றால் நாற்பது அடி என்று படம் போட்டு விளக்கம். அத்தான் அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். அடுத்த மாதமே அவரைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சிமென்ட் கடைக்காரர்தான் தலைவர். ஒரு வெல்டர், ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர், மற்றவர்கள் வருவதும் போவதுமாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் ஏறினால், ஊருக்கு வெளியே எங்கெல்லாம் பாறை உண்டோ அங்கெல்லாம் போய்விட்டு, கை கால் சிராய்ப்போடு சாயங்காலம் வந்து இறங்குவார்கள். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலை வைத்து, "பாம்புப் பொந்துல கைய விடாதீங்க. அது நெளிஞ்சா புதையல் இல்ல, ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொல்லி அனுப்புவார்.

அவர் இதில் இழுபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அத்தான் ஒரு செங்கல் அளவு கல்லைக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து, அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல் மேடையில் வைத்தார். அதில் பாம்பு. வாயெல்லாம் பல்லாக அத்தான் நின்றார். உடைந்து கிடந்த துண்டாம். ஆயிரம் வருஷமாவது இருக்குமாம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து பார்த்தார். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"நாலாம் நம்பர் பர்" என்றார். "என் மேஜையிலயும் அதேதான் இருக்கு."

பாம்பின் உடம்பு தலையிலிருந்து வால் வரை ஒரே ஆழம், ஒரே அகலம். குழியின் அடியில், சீப்பு இழுத்த மாதிரி மெல்லிய கோடுகள். வால் முனையில் டிரில் வழுக்கிச் சின்னக் கீறல். எனக்கும் காட்டினார். ஒருமுறை பார்த்த பிறகு அது பாம்பாகவே தெரியவில்லை.

அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், அப்படியானால் நிஜமாகவே பழையது எப்படி இருக்கும் என்று அக்காவைக் கேட்டார். அக்கா தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அதோடு விடுகிற ஆளும் இல்லை அவர்.

எங்கள் மொட்டை மாடிக்கு மூன்று கற்கள் வந்தது அப்படித்தான். மூன்றும் ஒரே பாறையிலிருந்து சிதறியவை. ஒன்றில் டிரில்லால் ஒரு மீன் போட்டார் அக்கா. நான் துணி காயப்போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இரண்டாவதில் இரும்பு உளியால் ஒரு மீன். அது ஒரு சாயங்காலம் எடுத்தது. மூன்றாவதில், இரும்பே இல்லாமல் இன்னொரு கல்லால் கொத்திக் கொத்தி ஒரு மீன். அது மூன்று வாரம் எடுத்தது. மணிக்கட்டு வீங்கி, லேப்பில் ஒரு பல் செட் தாமதமாகி டாக்டர் சத்தம் போட்டார். மீனும் மீனாக வரவில்லை; கத்தரிக்காய் போல இருந்தது.

"இவ்வளவு பாடுபட்டு ஒருத்தன் கல்லுல கொத்தினான்னா, புதையலை ஒளிச்சு வைக்கவா கொத்தியிருப்பான்? ஒளிச்சு வைக்கிறவன் எதுக்குங்க அடையாளம் போடறான்?" என்று அன்றைக்கு அத்தானைக் கேட்டார். அத்தான், அவனுக்கே மறந்து போய்விடுமே என்று பதில் சொன்னார்.

அந்த மூன்று மீன்களும் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவ்வப்போது அக்கா போய்க் குனிந்து பார்ப்பார். புதிதாக வெட்டிய இடம் பாறையின் மேல்தோலைவிட வெளுத்தே இருந்தது; வருஷங்கள் போயும் அந்த வெளுப்பு போகவில்லை. போலி செய்கிறவர்கள் அதை எப்படி மறைப்பார்கள் என்றும் செய்து பார்த்தார். டீத்தண்ணீர், ஷூ பாலிஷ், என்ஜின் ஆயில், சாணி, தயிர் எல்லாம் பூசினார். பாலிஷ் வெயிலில் மினுமினுத்தது. ஆயிலில் தூசி ஒட்டியது. தயிரைக் காக்கா கொத்தியது.

அருங்காட்சியகத்துக்கும் போனார். ஒரு பாறைச் செதுக்கலின்மேல் பல் அச்சு எடுக்கும் பசையை அப்பி, பிளாஸ்டரில் அதன் அச்சை வார்த்து எடுத்துக்கொண்டு, பெருமையாகத்தான் போனார். அங்கே இருந்த தொல்பொருள் அதிகாரி அம்மா அச்சைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, உடனே கண்டித்தாராம். பசையை உரிக்கும்போது பாறையின் பழைய தோலும் சேர்ந்து உரிந்து வரும். ஆயிரம் வருஷம் சேர்ந்தது ஒரு இழுப்பில் போய்விடும் என்றார். எதையும் தொடாமல், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. அச்சு எடுத்தது போலிப் பாறையில்தான். இருந்தாலும், நிஜமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு பசை நின்றது. அதற்குப் பதில், வாய்க்குள் பல் பார்க்கும் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று அவர் பையில் நிரந்தரமாக ஏறியது. அதில் வெயிலைப் பிடித்துப் பாறைமேல் சாய்வாக அடிப்பார். மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும்.

விஷயம் வெளியே பரவியது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் முன்பின் தெரியாத செருப்புகள் சேர ஆரம்பித்தன. போனில் போட்டோவோடு வருவார்கள், வீடியோவோடு வருவார்கள். எல்லாரையும் முன்னறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு அக்கா இரண்டில் ஒரு வார்த்தைதான் சொல்வார். ஒன்று, "புதுசு." இன்னொன்று, "போட்டோல தெரியாது." அம்பு என்று கொண்டுவந்தது மழைநீர் அரித்த விரிசலாக இருக்கும். வரிசையாக இருக்கும் ரகசியக் குழிகள், கல் உடைக்கிறவர்கள் ஆப்பு இறக்கிய துளைகளாக இருக்கும். இருதயம் என்று கொண்டுவந்தது நிஜமாகவே இருதயம்தான். உள்ளே இரண்டு பேருடைய பெயரின் முதல் எழுத்து. இப்படிப் பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்தில் "பழசு" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

அத்தானின் நம்பிக்கை மட்டும் கரையவே இல்லை. ஒவ்வொரு "புதுசு"க்கும் முகம் தொங்கும். திங்கட்கிழமை டீக்குள் மீண்டுவிடும்.

ஐந்து கால் ஆமை விவகாரம் அதற்கு நடுவில் வந்தது. தன்னை சர்வேயர் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் சிமென்ட் கடைக்காரரைப் பிடித்தான். கூர்மையான பேச்சு, தோளில் தோல்பை, பையில் சுருட்டிய வரைபடம். ஒரு மேட்டில் ஆமை இருக்கிறது, இடம் எனக்கு மட்டும்தான் தெரியும், பங்கு போட்டு மெஷின் கொண்டுவருவோம் என்றான். அத்தான் மோதிரத்தைக் கழற்றும் நிலைக்கு வந்துவிட்டார். அக்கா அவரைத் தடுக்கவில்லை. நானும் வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஆமை நன்றாகத்தான் இருந்தது. மண்ணெல்லாம் பூசி, ஓட்டின் கட்டங்கள்கூடப் போட்டிருந்தான். அக்கா பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, அத்தானிடம் அந்த ஜெராக்ஸ் கட்டைக் கேட்டார். அத்தான் எங்கே போனாலும் அது கூடவே போகும். ஆமைப் பக்கத்தைப் புரட்டிப் பாறைக்குப் பக்கத்தில் பிடித்தார். படத்தில் ஆமையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கறை. ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் இருந்த அழுக்கு. பாறையிலிருந்த ஆமைக்கும் அதே இடத்தில், அதே அளவில், ஐந்தாவதாக ஒரு கால்.

சர்வேயர் சளைக்காமல், அது கால் இல்லை, வால் என்றான்.

"வால் பின்னாடி தனியா இருக்கேப்பா" என்றார் அக்கா. "அழுக்கையும் சேர்த்துச் செதுக்கியிருக்க. ஆனா கை நல்ல கை. எங்க லேப்புக்கு வந்திருந்தா நானே வேலை போட்டுக் கொடுத்திருப்பேன்."

அவன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனவன்தான். அவனிடம் ஏமாந்த வேறு ஊர்க்காரர்கள் போலீசில் எழுதிக் கொடுத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். வேனில் திரும்பும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அன்று சாயங்காலம் நான் மொட்டை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கியபோது, மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே பேசினார்.

"தங்கம் கிடைக்காதுன்னு எனக்கும் தெரியும்மா. அது போன வருஷமே தெரியும். உங்க அக்கா ஒரே ஒரு கல்லைப் பார்த்து 'ஆமா'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

துணிக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, எனக்கு வழி விட்டார்.

இது நடந்து இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிமென்ட் கடைக்காரரே வீட்டுக்கு வந்து நின்றார். மூடிப்போன கல் குவாரிக்குப் பின்னால், முட்புதருக்குள் ஒரு பாறை. கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் கொம்பு வைத்த ஒரு மிருகம் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் காட்டினாராம். கம்ப்ரெஸரும் பாறை உடைக்கும் சுத்தியலும் வாடகைக்கு எடுத்து அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானத்துக்குள் உடைத்துத் தள்ளிவிடலாம். கொம்பு வடக்கே நீள்கிறது. அத்தானின் ஜெராக்ஸ் கட்டுப்படி பார்த்தால் மிருகத்துக்கு நேர் கீழேயே தோண்ட வேண்டும்.

அக்காவுக்கு அப்போது முட்டி வலி ஆரம்பித்திருந்தது. பையைத் தூக்க நானும் போனேன்.

வெயில் ஏறியிருந்தது. அந்தப் பாறைக்கு அடியில் மட்டும் குளுமை. குனிந்துதான் போக வேண்டும். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை; கறுத்த பாறை, அங்கங்கே சாம்பல் நிறத்தில் பாசி போலப் படர்ந்த படை. பாறைக்கு வந்த தேமல் என்று அக்கா அதைச் சொல்வார். அவர் மண்ணில் மண்டியிட்டு, பல் கண்ணாடியை வெளியே நீட்டி வெயிலைப் பிடித்துச் சாய்வாக அடித்தார். பாறையிலிருந்து ஒரு மிருகம் எழுந்து வந்தது. பின்னால் வளைந்த இரண்டு கொம்புகள், மெலிந்த நான்கு கால்கள். அதற்குக் கீழே, கையைக் கோத்துக்கொண்டு நிற்பது போலச் சின்னச் சின்ன மனிதர்கள், ஏழு பேரோ எட்டுப் பேரோ.

அக்கா பூதக்கண்ணாடியை இறக்கினார். நான் அவருக்குப் பின்னால். அத்தான் பக்கத்தில் குந்தியிருந்தார். சிமென்ட் கடைக்காரரும் வெல்டரும் வெளியே நின்றார்கள்.

எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து நானும் கொஞ்சம் கற்றிருந்தேன். கோடுகளே இல்லை, எல்லாம் கொத்தல். ஒரு கொத்து ஆழம், ஒரு கொத்து மேலோட்டம், ஒன்றுபோல் ஒன்று இல்லை. குழிக்குள்ளும் பாறை வெளியே இருந்த அதே கறுப்பு. சாம்பல் படை ஒன்று பாறைமேல் தொடங்கி, மிருகத்தின் வயிற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறிப் போயிருந்தது. மேலிருந்து வந்த ஒரு விரிசல் முதுகுக்குக் குறுக்கே ஓடி, இரண்டு கொத்துக் குழிகளைப் பாதி பாதியாகப் பிளந்திருந்தது. விரிசலின் உதடுகூட கறுத்துப் போயிருந்தது. மிருகம் வந்த பிறகுதான் பாறை வெடித்திருக்கிறது. பாறை வெடித்தே எவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டும்.

அக்கா அசையவில்லை. கண்ணாடி பிடித்த கை மட்டும் மெல்ல நகர்ந்தது. வெளிச்சம் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு, பிறகு ஒவ்வொரு மனிதனாக. ஐந்து நிமிஷம் போனது. பத்தும் ஆகியிருக்கும். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் பாறையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து சிமென்ட் கடைக்காரர், என்ன ஆச்சு, மெஷினைப் போடலாமா என்று கேட்டார்.

அக்கா கண்ணாடியை மறுபடி மிருகத்தின்மேல் சாய்த்தார். இவருக்குக் கல் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னாலோ, இன்னும் அரை மணி நேரத்தில் இந்த மிருகம் ஜல்லியாகிவிடும்.

அதற்குள் அத்தான் எழுந்தார். கூரையில் தலை இடிக்க, முட்டியைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

"போலி" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்த தழும்பைக்கூடக் குறி என்று சொன்ன மனிதர். சிமென்ட் கடைக்காரர் நம்பவில்லை. கொம்பு வடக்கே காட்டினால் கீழே தோண்ட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

"சொன்னேன். இப்ப பார்த்துட்டுச் சொல்றேன். டிரில் வேலை. அந்த ஆமைக்காரன் கைதான். மேல ஆயில் அடிச்சுக் கறுக்க விட்டிருக்கான்."

சிமென்ட் கடைக்காரர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, அக்காவிடமே கேட்டார். அக்கா சொல்லட்டும், மற்றவர் சொல்லி என்ன பிரயோஜனம் என்றார்.

அக்கா பூதக்கண்ணாடியை மெதுவாக நெற்றிக்கு ஏற்றினார். "இத்தனை வருஷத்துல என் வீட்டுக்காரர் ஒரு கல்லையும் போலின்னு சொன்னதில்ல" என்றார். "அவரே சொல்லிட்டாருன்னா, அதுக்கு மேல நான் என்னங்க சொல்ல இருக்கு?"

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

வெல்டருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சிமென்ட் கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை; மெஷின்தான் வந்துவிட்டதே, சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்ப்போமே என்றார். அத்தான் அவர் தோளில் கைபோட்டுக் கொஞ்சதூரம் அழைத்துப் போனார். அந்த சர்வேயர்மேல் போலீசில் புகார் இருக்கிறது, அவன் கைவைத்த இடங்களையெல்லாம் தேடி வருவார்கள், வரும்போது இங்கே யாருடைய கம்ப்ரெஸர் நிற்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தனை கோர்வையாக அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. கால் மணி நேரத்தில் மெஷினை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்களையும் ஏறச் சொன்னார்கள். அக்காவுக்கு முட்டி வலி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்து வருகிறோம் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

வேன் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அத்தான் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிஜம்தானே?" என்றார் அத்தான்.

"நிஜம்" என்றார் அக்கா.

அத்தான் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். வியர்வையைத் துடைத்த மாதிரி இல்லை. எவ்வளவு பழசு என்று பிறகு கேட்டார். தெரியாது, ஆயிரம் என்று சொல்வதா, அதற்கும் மேல் என்று சொல்வதா, அதைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் வாயே திறக்கலையே" என்றார்.

"போலின்னா அரை நிமிஷத்துல எழுந்துடுவ. இன்னைக்கு மண்டிபோட்டு அவ்வளவு நேரம் இருந்த. முட்டி வலிக்குதுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல."

அக்கா சிரித்தார். அழுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம். "வாங்க, சரியா பாருங்க. நீங்க இன்னும் பார்க்கவே இல்ல" என்று அவரை உள்ளே கூப்பிட்டார். அத்தான் தவழ்ந்து போனார். அக்கா கண்ணாடியை நீட்டி வெளிச்சம் பிடிக்க, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு விரல்கூடப் படாமல், வெகுநேரம் பார்த்தார். நான் வெளியே வந்து, டப்பாவைத் திறந்து சாப்பாட்டை மூன்று பங்காக வைத்தேன். இரண்டு முறை கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். அத்தான் சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, அக்காவோடு தொல்பொருள் அதிகாரி அம்மாவைப் பார்க்கப் போனார். பாறையின் போட்டோவைப் பார்த்ததும் அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். மறுநாளே ஜீப் வந்தது. இரண்டு மாதத்தில் முள்வேலி, காவலுக்கு ஒரு ஆள். முட்புதரை வெட்டியபோது அதே பாறையின் மறுபக்கத்தில் இன்னும் பதினான்கு உருவங்கள் கிடைத்தன. பல ஆயிரம் வருஷம் இருக்கலாம் என்கிறார்கள், ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சிமென்ட் கடைக்காரர் விஷயம் தெரிந்து வந்து வாசலில் நின்று கத்தினார். நண்பனே இப்படி முதுகில் குத்தலாமா, நம்பி வந்தவனை முட்டாளாக்கலாமா என்றெல்லாம் கேட்டார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அக்காதான், "உள்ள வந்து உட்கார்ந்து திட்டுங்க, வெயில் அடிக்குது" என்றார். அவர் வரவில்லை. ஒன்றரை வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அதன்பின் ஒரு நாள் லேப்பில் அக்காவின் மேஜைக்கு ஒரு தாடை அச்சு வந்தது. சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தார், அவரேதான். மேல் வரிசை முழுக்கப் போயிருந்தது. அந்தப் பல் செட்டுக்கு அக்கா எடுத்துக்கொண்ட சிரத்தையை நான் அறிவேன். வீட்டுக்கே எடுத்துவந்து, ஓரம் ஓரமாகத் தேய்த்து, அவர் வழக்கமாகச் சிரிக்கும்போது தெரியும் அந்தக் கோணல் முன்பல்லை அப்படியே கோணலாக வைத்தார். அடுத்த மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, எதுவும் பேசாமல், அத்தானைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அதோடு சமாதானம் ஆயிற்று.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதை நிறுத்தவில்லை. இப்போது கடப்பாரை கிடையாது. ஒரு நோட்டு, டேப், போன். எந்தப் பாறையில் எது இருந்தாலும் படம் எடுத்து அதிகாரி அம்மாவுக்கு அனுப்புகிறார். பத்தில் ஒன்பது, மழை போட்ட கோலம். பத்தாவதும் அநேகமாக அப்படித்தான். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போடுகிறார். சிமென்ட் கடைக்காரரும் சில வாரம் கூடப் போகிறார். கையில் கம்பு மட்டும் வைத்துக்கொண்டு, பாம்பு வந்தால் விரட்டுவதற்கு.

போன மாதம் அந்தப் பாறைக்கு முன்னால் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். என்ன எழுதுவது என்று தொல்பொருள் அலுவலகத்தில் ஒருமுறை அக்காவையும் அத்தானையும் கேட்டிருக்கிறார்கள். அந்த மிருகம் மான் என்றார் அத்தான். ஆடு என்றார் அக்கா. கொம்பின் வளைவு, வாலின் நீளம், காலின் மெலிவு என்று வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு. என் கணவரை நடுவராகக் கூப்பிட்டார்கள், அவர் மாடிக்கு ஓடிவந்துவிட்டார். கடைசியில் அலுவலகம் "கொம்புள்ள விலங்கு" என்று எழுதி வைத்துவிட்டது.

திறப்பு நாளில் நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். அக்கா பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, யாருக்கும் இல்லாமல் பொதுவாக, "ஆடுதான்" என்றார். அத்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, இருக்கிற நாலு முடியை வாரிக்கொண்டு, பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, அக்காவையும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டு, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.